ஆத்தங்குடிக் கல்லில் ஒரு கடல் நண்டு

கண்டனூர்ப் பெரிய வீட்டு வளவில், முற்றத்தைச் சுற்றிய தரையில், மூன்று வருடமாக ஒரு கடல் நண்டு குடியிருந்தது. ஆத்தங்குடிக் கல்லின் பூவும் கொடியும் அதன் ஓட்டில் அப்படியே ஏறியிருந்ததால், வீட்டைக் காவல் காத்துத் துடைக்கும் பாண்டீஸ்வரியைத் தவிர யார் கண்ணிலும் அது பட்டதில்லை. அவளுக்கும் அடையாளம் ஒன்றுதான். கடல் ஏறும் நேரம் பார்த்து, நாளுக்கு இரண்டு முறை, அது உட்கார்ந்த கல் உப்புத்தண்ணீரில் நனையும். கண்மாய் வெடித்துக் கிடந்த சித்திரையிலும் நனைந்தது.

நண்டைக் கொடுத்தனுப்பியவன் அவள் புருஷன் முத்தரசு. ஓமனுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், விசா முடிந்தும் திரும்ப வழியில்லாமல், போலீஸ் வரும்போதெல்லாம் கடற்கரைப் பாறையில் ஒட்டிப் படுத்துக்கொண்டான். பக்கத்தில் பாறையோடு பாறையாகக் கிடந்த இந்த நண்டுதான் அவனுக்கு வித்தையைச் சொல்லிக் கொடுத்ததாம். அதை ஈரத்துண்டில் சுற்றி எடுத்து வந்த, அங்கே அவனோடு வேலை பார்த்த உடையப்பன் சொன்னான்:

"இப்ப நாங்களே அவனைத் தேட வேண்டியிருக்கு தங்கச்சி. கூப்புட்டா பாறைதான் பேசுது."

ஆள் வராமல் நண்டு வந்ததே என்று பாண்டீஸ்வரிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அவன் பக்கத்தில் படுத்திருந்த உயிராயிற்றே என்று தினமும் அதற்கு நாலு பருக்கை வைத்தாள்.

இந்தத் தையில் பெரிய வீட்டில் கல்யாணம். சென்னையிலிருந்து ஆட்கள் வருமுன் தரைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது வழக்கம். இரண்டாம் கட்டில் துடைத்துக்கொண்டே போனவளின் துணிக்கடியில் தரை சூடாக இருந்தது. ஏறி இறங்கி மூச்சு விட்டது. கையால் தடவினாள். மூக்கு, மீசை, மோவாயில் பழைய தழும்பு.

"வந்துட்டீகளா?"

"நாலு நாளாச்சு," என்றது தரை. "போலீசு போயிட்டானா?"

"இங்குட்டு ஏதுங்க போலீசு! எந்திரிங்க."

ஓமனில் பொதுமன்னிப்பு கொடுத்து அவனை விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பழக்கத்துக்கு மன்னிப்பு கொடுக்க யாரால் முடியும்? எழுந்தவன் சுவரோரம் நின்றான், சுவராகிவிட்டான். நாலு நாளாக அவன் மேலேயே நடந்து போயிருக்கிறோம் என்று நினைத்தபோதுதான் பாண்டீஸ்வரி வாய்விட்டு அழுதாள்.

கல்யாணம் முடிந்து, வந்தவர்கள் போய்விட்டார்கள். அடுத்த விசேஷம் வரைக்கும் தரைக்கு எண்ணெய் தேவையில்லை. பாண்டீஸ்வரி தினமும் போடுகிறாள். கைக்கு அவன் தட்டுப்பட்டதும் துணியை ஓரமாக வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறாள்.