மாடு தின்ற ரொட்டி

தீவன விலை ஏறிய வருஷம் பால்காரிக்கு விழி பிதுங்கிப் போனது. இரண்டு பசுக்களுக்கும் தீனி வாங்கக் கையில் இருப்பது போதவில்லை. அரசுக் கடை ரொட்டியோ தீவனத்தைவிட மலிவு. ஏழைகள் பசியாற வேண்டுமென்று அரசாங்கம் பாதி விலையைத் தானே ஏற்றுக்கொண்டு விற்கிற ரொட்டி அது. கடைக்காரர் வீட்டுக்குத் தினமும் பால் இலவசமாகப் போனது. பின்வாசல் வழியாக ரொட்டி சாக்குச் சாக்காக வந்தது. தண்ணீரில் ஊறவைத்துத் தொட்டியில் கொட்டினால் மாடுகள் வழித்து நக்கிவிடும். அதனால்தான் அவளால் பால் விலையை ஏற்றாமல் விற்க முடிந்தது. தெருவே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

அவள் நாத்தனாருக்குத் துணி ஆலையில் வேலை. வேலை முடிந்து ரொட்டி வரிசையில் நின்று, தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மாவு கேட்கலாமென்று அண்ணி வீட்டுக் கொல்லைப்புறம் வந்தவள், தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அண்ணி, நான் நின்ன வரிசையில உங்க மாடுங்களும் நின்னிருக்கு. எனக்கு முன்னாடி."

பால்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. "உன் பிள்ளைங்க குடிக்கிற பாலும் இதுலதான் வருது" என்றாள்.

அது பொய்யில்லை. ஆனாலும் சொன்னபின் அவளால் நாத்தனாரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாக்கில் மிச்சமிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனாரும் வாங்கிக்கொண்டாள்; ரோஷம் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

இனி சாக்கு வேண்டாம் என்று சொல்லப் போனபோது கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. கோழிப்பண்ணைக்காரர் ரொம்ப நாளாகக் கேட்கிறாராம். அந்தப் பேச்சுதான் பால்காரியைச் சுட்டது. மறுநாள் நாத்தனாரையும் வரிசையில் நின்றவர்களையும் கூட்டிக்கொண்டு பின்வாசலை மறித்தாள். தானும் இப்படித்தான் வாங்கினேன் என்று எல்லார் முன்பும் சொன்னாள். சிலர் திட்டினார்கள், கேட்டுக்கொண்டாள். சாக்குகள் முன்பக்கம் போயின. அன்று கடைசி ஆள்வரை ரொட்டி கிடைத்தது. கடைக்காரரும் மாற்றப்பட்டார்.

பால் விலை ஏறியது. கொண்டாடிய வாடிக்கைக்காரர்களே முணுமுணுத்தார்கள். பாதிப் பேர் பால் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு பசுவை விற்க வேண்டிவந்தது. நாத்தனாரும் பாலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

"ரொட்டி கிடைக்குது அண்ணி, பால்தான் கட்டுப்படியாகல" என்றாள், செம்பை நீட்டியபடி.

பால்காரி அளந்து ஊற்றினாள். தன் பிள்ளைகளுக்கென்று எடுத்துவைத்திருந்ததிலிருந்தும் ஒரு கரண்டி சேர்த்தாள்.