பாக எண்

முத்தாபுதுப்பேட்டையில் உலகநாதன் கட்டிய வீட்டை அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் பிரிப்பதற்காக, கூடத்தின் நடுவே கொத்தனார் மணவாளன் சுவர் எழுப்பி முடித்தபோது, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு முழு வீடும் அந்தப் பக்கம் அதே முழு வீடும் இருந்தன. கிழக்கு வாசலில் நுழைந்தால் சமையலறை, சாமி அலமாரி, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி. மேற்கே புதிதாக வைத்த கதவைத் திறந்தாலும் அதே சமையலறை, அதே அலமாரி, அதே சாமுண்டீஸ்வரி, அதே கால். மணவாளன் இரண்டு வாசலிலும் மாறி மாறி நுழைந்து பார்த்தார். பிறகு, பூச்சில் வெடிப்பு விழாமல் இருக்க ஒரு வாரம் தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்தது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

காரணம் மூத்தவள் கலைவாணிக்குத் தெரியும். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இயந்திர பாகங்களை வரைந்து கொடுக்கிறாள். அதற்கென்று நல்ல கம்ப்யூட்டராக வாங்கி வைத்திருந்தாள். அப்பாவின் காரியம் முடிந்த அன்று அதை ஒரு வேலையில் மாட்டிவிட்டாள். உலகம் முழுக்கச் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களை வைத்து, இதுவரை யாரும் காணாத பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. கூலி கிடையாது, கிடைத்தால் பெயர் வரும், அவ்வளவுதான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண் பகா எண் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அவளுக்கு வந்த முதல் எண்ணுக்கு இரண்டு கோடிக்கும் மேல் இலக்கங்கள். அது பகா எண்ணா இல்லையா என்று அவள் கம்ப்யூட்டர் சோதித்துச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் போய்விட்ட பிறகு, பிரியவே பிரியாத ஏதோ ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று நினைக்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த எண் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் எதையும் சரிபாதியாக வைக்க முடியவில்லை. எத்தனை இட்லி ஊற்றினாலும் ஒன்று கூடவோ குறையவோ வந்தது. சாமுண்டீஸ்வரி அந்த உபரி இட்லியைக் காக்காய்க்கு வைத்துப் பழகிக்கொண்டாள்.

வினை வேறு இடத்தில் பிடித்தது. மகள் சொன்ன பகா எண் சாமுண்டீஸ்வரியின் காதில் பாக எண் என்று விழுந்தது. காட்டுப்பாக்கத்தில் மனைவி சௌம்யாவோடு வாடகை வீட்டில் இருந்த மகன் அஜித்குமாரிடம் போனில், "உங்கக்கா ராவும் பகலும் பொட்டியாண்ட குந்திகினு பாக எண்ணு தேடுது நைனா" என்று எதார்த்தமாகச் சொன்னாள். அதுவரை அவன் பங்கைப் பற்றி நினைத்தவனே இல்லை. அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அக்கா பாகம் கணக்குப் போடுகிறாளா என்று அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த ஞாயிறே வந்து பாதியைக் கேட்டான். தனக்குப் பங்கு வேண்டாம், ஒரு கட்டில் போதும் என்று சாமுண்டீஸ்வரி ஒதுங்கிவிட்டாள். அவனுடைய பாதியை விலைக்குக் கேட்டு ஃபிளாட் கட்டுகிறவர் ஒருவர் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தார். பாதி போனால் மீதியும் தானாகப் போய்விடும் என்பது கலைவாணிக்குத் தெரியும். அவளுக்குப் போக வேறு கூரை இல்லை. ஆனாலும் தம்பி கேட்ட வேகத்தைப் பார்த்துச் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

சுவர் பலிக்காமல் போனதும் அவள் காரணத்தைச் சொன்னாள். அஜித்குமார் அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் ஷிப்ட் பார்க்கிறவன், கம்ப்யூட்டர் விஷயம் எதையும் நம்பக்கூடியவன். முதலில் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தான். எண் பாதியில் நின்றது, வீடு அப்படியே இருந்தது. முடிவு தெரியாத வரை வீடும் முடிவுக்கு வராது என்று புரிந்தது. திரும்ப ஓடவிட்டு, எப்போது முடியும் என்று பார்த்தான். அடுத்த ஆடி என்றது. அவ்வளவு நாள் காத்திருக்க அவனால் ஆகாது. அதனால் வீட்டைப் பிரிப்பதற்காகவே அவன் தினமும் அந்த வீட்டுக்கு வரத் தொடங்கினான்.

கலைவாணி செய்திருந்த தவறு அவனுக்கு உடனே தெரிந்தது. கம்ப்யூட்டரின் மூளையில் எட்டு கோர், எட்டு வேலையாள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்து எட்டையும் எட்டு வேலையில் விட்டிருந்தாள். "எட்டு பேருக்கு எட்டு நம்பர் குட்த்தா ஆவுமாக்கா? ரேமுக்குப் போற வழி ஒண்ணுதான் கீது. எல்லாம் வாசல்லயே முட்டிகினு நிக்குது பாரு" என்றான். மற்ற ஏழையும் எடுத்து வைத்துவிட்டு, எட்டு கோரையும் அந்த முதல் எண்ணிலேயே பூட்டினான். ஒரு கோரை இரண்டு போலக் காட்டும் வசதியை அணைத்தான். அந்த வசதியால் சூடுதான் ஏறியது, வேலை ஏறவில்லை. எட்டில் வைத்து, ஆறில் வைத்து, நாலில் வைத்து நேரம் பார்த்தார்கள். எட்டைவிட ஆறு வேகமாக ஓடியது; திறந்து பார்த்தால் ஃபேனில் அப்பா காலத்துத் தூசு அடைத்து, சூடு வெளியேறாமல் இருந்தது. இருவரும் பல் விளக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுத்த பிறகு எட்டு முந்தியது. கெடு ஆடியிலிருந்து சித்திரைக்கு இறங்கியது.

ஒருநாள் அவன் ஷிப்டில் இருந்தபோது கலைவாணி எட்டை ஒன்றாகக் குறைத்துவிட்டாள். அது பகா எண்ணாகவே இருந்துவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டிருந்தவள் அவள். முடிவு வரவே பயமாக இருந்தது. மறுநாள் வந்தவன் பார்த்தான், சண்டை போடவில்லை. "மெதுவா ஓட்னா நம்பர் மாறிடுமாக்கா?" என்று மட்டும் கேட்டான். அவள் தானே எட்டுக்கு ஏற்றினாள். அந்த நேரம் பார்த்துக் கட்டிலிலிருந்து சாமுண்டீஸ்வரி, "பாக எண்ணு எவ்ளோ தூரம் வந்துகீது?" என்றாள்.

"பாக எண்ணு இல்லம்மா, பகா எண்ணு. பிரியாத நம்பரு" என்றாள் கலைவாணி.

அன்று போனில் அம்மா சொன்னது இதைத்தான் என்று அஜித்குமாருக்கு அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கேட்டதை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை, ஃபிளாட்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. அடுத்த நாள் தன் கம்ப்யூட்டரிலிருந்தே ஒரு ரேமைக் கழற்றி வந்து இதில் செருகினான். ரேமுக்குப் போகும் வழி இரண்டானது. கெடு தைக்கு வந்தது.

பொங்கல் கழிந்த காலையில் முடிவு வந்தது. பகா எண் அல்ல, பகுபடும்.

கலைவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்டது கிடைத்தவன் முகத்திலும் களை இல்லை. சாமுண்டீஸ்வரிதான் கேட்டாள்: "அப்போ எத்தினியா பிரிக்கலாமாம்?"

கலைவாணி மறுபடி படித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இந்தச் சோதனை, எண் பகுபடும் என்று சொல்லும், எதால் என்று சொல்லாது. சின்ன எண்கள் எதாலும் பகுபடாது என்பதை அவள் கைக்கு வருமுன்பே யாரோ பார்த்துக் கழித்துவிட்டார்கள். அதைப் பகுக்கும் எண் எங்கோ இருக்கிறது, அதுவே இருபது இலக்கத்துக்கு மேல் போகும். "பிரிக்கலாம்மா. ஆனா ரெண்டா பிரிக்க முடியாது."

அஜித்குமார் எழுந்து கிழக்கு வாசலால் வெளியே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கதவைத் திறந்தான். சமையலறை, சாமி அலமாரி, கட்டிலில் அம்மா, கம்ப்யூட்டர் முன்னால் அவனைத் திரும்பிப் பார்த்தபடி அக்கா. அங்கேயே செருப்பைக் கழற்றினான்.

அந்த மாதமே அவனும் சௌம்யாவும் மேற்குப் பக்கம் குடிவந்தார்கள். ஃபிளாட்காரர் இரண்டு வாசலிலும் நுழைந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார். வீடு பகுபடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்; இருபது இலக்க எண்ணிக்கையில் வாரிசுகள் பிறந்த பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்வதாக இருக்கிறார்கள். சுவரை யாரும் இடிக்கவில்லை, காலண்டர் மாட்ட உதவுகிறது. காலையில் சுவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் ஒரே காப்பி டம்ளரைப் பிடிக்கும். அப்போது தம்பி அக்காவுக்காக விட்டுவிடுவான்.