பெட்டிக்குள் இருந்த பிரெஞ்சுக்காரன்

என் கணவர் சொக்கநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறார். காரைக்காலில் இது ஒரு சேதியே இல்லை. எங்கள் தருமபுரத்திலேயே நாலைந்து சொல்தா வீடுகள் உண்டு. பிரெஞ்சுச் சிப்பாய்க்கு இங்கே அதுதான் பெயர். சேதி என்னவென்றால், எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் லீவில் வந்தபோது, சென்ட்டு பாட்டில், சாக்லேட்டு வகையறாவோடு ஒரு கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். கூட வேலை பார்த்தவன் புதுசு வாங்கியதால் பழசைச் சல்லிசாகத் தள்ளிவிட்டானாம்.

அப்போது எங்களுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு நான் பிரான்சுக்கு வந்துவிட வேண்டும். எனக்குப் போக இஷ்டமில்லை. பாதி வருஷம் குளிர், தெரியாத பாஷை. காலையில் அவர் முகாமுக்குப் போனால் சாயந்திரம் வரைக்கும் நான் சுவரோடு பேச வேண்டும். நாலு வருஷத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு அவரே ஊரோடு வந்துவிடப் போகிறார், அதற்குள் நான் எதற்கு? நானோ ஆங்கில டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணத்துக்கு முன் கடைத்தெரு இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் எனக்கு வழி கிடைத்துவிட்டது.

“இத வச்சு நான் கிளாஸ் நடத்துறேங்க” என்றேன்.

“சரி. விஜயதசமிக்குள்ள நடத்திக் காட்டு. நடக்கலைன்னா தை மாசம் பேசாம கிளம்பி வந்துடணும்” என்றார்.

நானும் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகுதான் பெட்டியைச் சரியாகப் பார்த்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. திரையில் வந்ததெல்லாம் பிரெஞ்சு. நான் கண்ணை மூடிக்கொண்டு ஏ, எஸ், டி, எஃப் அடித்தால் திரையில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ வந்து நிற்கிறது. பத்து வருஷமாக என் சுண்டு விரல் தப்பு செய்ததில்லை. அதை ஒரு பெட்டி தப்பு என்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அதைத் தூக்கி அரசலாற்றில் போட்டிருப்பேன், கனம்தான் தடுத்தது.

பக்கத்து வீட்டுத் தர்மலிங்கம் மாமா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சு படிப்பார். கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“நீ குடுத்த கட்டளை தப்புங்கறான்மா.”

“நான் ஒண்ணும் குடுக்கலியே மாமா. சும்மா என்டர்தானே தட்டுனேன்?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது. அவன் அப்படித்தான் சொல்றான்” என்று எழுந்துகொண்டார். பட்டாளத்தில் எதிர்த்துப் பேசி வழக்கமில்லை போலிருக்கிறது.

ஐந்து பெண்கள் கிளாஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பூவத்திலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வருவதாகச் சொல்லியிருந்தாள். விஜயதசமி அன்று காலை ஆரம்பம் என்று சொல்லியாயிற்று. இந்த நிலையில்தான் கமாலுதீன் கிடைத்தார். நாகப்பட்டினத்தில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. அவருடைய தங்கை என்னிடம் டைப் கற்றவள். அந்தப் பழக்கத்தில் சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் சைக்கிளில் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு, வைத்தியர் நாடியை விட்ட மாதிரி கையை எடுத்தார்.

“அக்கா, கீ மேல குத்தமில்ல. உள்ள பிரெஞ்சு சிஸ்டம் உக்காந்திருக்கு. அதான் எல்லாத்தையும் நடத்துது. அத எடுத்துட்டு இங்கிலீஷ் சிஸ்டத்தப் போட்டா, உங்க விரலுக்கு வேண்டிய எழுத்து தானா வரும்.”

“கீ மேல எழுதியிருக்கறது வேறயா இருக்கே தம்பி?”

“நீங்கதான் கீயப் பாக்காம அடிக்கிறவங்களாச்சே?”

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எழுதியிருப்பது ஒன்று, வருவது ஒன்று என்றால் எது மெய் என்று எனக்குள் ஒரு குழப்பம் புகுந்துவிட்டது. கேட்டால் படிக்காதவள் என்று நினைப்பாரோ என்று கேட்கவில்லை.

கமாலுதீன் பையிலிருந்து மூன்று பிளாப்பிகளை எடுத்தார். கறுப்புச் சதுர உறை, ஒரு பக்கம் நீளமாக ஒரு திறப்பு, அதன் வழியாக உள்ளே பழுப்பு நிறத் தகடு தெரிந்தது. “இந்த இடத்துல மட்டும் விரல் படவே கூடாது. தூசி பட்டாலும் போச்சு” என்று என்னிடம் சொன்னார். ஒன்றைப் பெட்டிக்குள் செருகி, ஏதோ தட்டினார். பெட்டி கரகரவென்று தனக்குள் பேசிக்கொண்டே இருந்தது. காபி குடித்தோம், கடலை கொறித்தோம், அது பேச்சை நிறுத்தவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் ஓய்ந்தது.

“எடுத்தாச்சுக்கா” என்றார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. பெட்டியைப் பார்த்தேன். ஒரு திருகாணிகூடக் கழற்றவில்லை. என்ன எடுத்தார், எங்கிருந்து எடுத்தார், ஒன்றும் விளங்கவில்லை.

என் மாமியார் செல்லம்மா விளக்கேற்றிவிட்டு அப்போதுதான் வாசற்படிக்கு வந்தவர், “எடுத்தத எங்கப்பா போட்டே?” என்று கேட்டார்.

“அது அழிஞ்சு போச்சுங்கம்மா.”

“அழிஞ்சு போச்சுன்னா? சாம்பல், கீம்பல்?”

“ஒண்ணுமே இருக்காதுங்க.”

“நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள எதையோ அழிச்சிருக்கே. போறப்ப வாசல்ல கால அலம்பிட்டுப் போ” என்றார் அத்தை.

கமாலுதீன் இங்கிலீஷ் சிஸ்டத்தைப் போடப் பிளாப்பியைத் தொட்டபோது அத்தை மறித்துவிட்டார். பூஜை நேரம் வந்துவிட்டது, படிப்புச் சாமான் எல்லாம் பலகைக்குப் போக வேண்டும், இனி மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்றார். கமாலுதீன் சிரித்துக்கொண்டே, “காலைல வந்து போட்டுடறேங்கா, அரை மணி நேர வேலைதான். இதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு, இது ஓடினாத்தான் கிளாஸு” என்று பிளாப்பிகளை என்னிடம் தந்துவிட்டுப் போனார். டைப்ரைட்டிங் புத்தகம், தையல் கத்திரி, அரிவாள்மணை எல்லாவற்றோடும் பிளாப்பிகளையும் அத்தையே வாங்கிப் பலகையில் அடுக்கினார். நான் சுண்டல் தாளிக்கப் போய்விட்டேன்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்ததும் பலகைக்குப் போனேன். மூன்று பிளாப்பிகளுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. எங்கே என்கிறீர்கள்? சரியாக அந்தத் திறப்பில், பழுப்புத் தகட்டின் மேல். அத்தையைக் குறை சொல்ல முடியாது, பார்த்தால் நெற்றி மாதிரிதான் இருக்கிறது. திருப்பினேன். பின்பக்கமும் அப்படியே. புத்தகத்துக்கும் கத்திரிக்கும் கடுகளவு பொட்டு; பிளாப்பிக்கு மட்டும் கட்டைவிரலால் அழுத்தி அப்பியிருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

கமாலுதீன் வந்தார். பார்த்தார். “யா அல்லாஹ்” என்று மட்டும் சொன்னார். ஈரத்துணியால் துடைத்து, ஊதி, வெயிலில் காட்டி, ஒன்றைச் செருகினார். அம்மியில் கல் அரைபடுவது போல் ஒரு சத்தம். திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

“என்ன தம்பி சொல்லுது?”

“உள்ள யாரும் இல்லைங்குதுக்கா.”

“அப்ப பழைய பிரெஞ்சுக்காரனையாவது திருப்பிக் கூப்பிடுங்களேன்!”

“அவன அழிச்சாச்சே. அவனோட பிளாப்பிய அண்ணன் கொண்டு வரலியே. வேற இங்கிலீஷ் சிஸ்டம் மெட்ராசுக்குச் சொல்லி வரவழைக்கணும். தீபாவளி தாண்டிடும். அதுவும் கிடைச்சாத்தான்.”

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆகிவிட்டது. இருந்ததும் போய், வந்ததும் கெட்டு, பெட்டி வெறும் பெட்டியாக உட்கார்ந்திருந்தது. ஐந்து பெண்களும் பூவும் பொட்டுமாக வந்தார்கள். மிஷின் பழுது, சொல்லி அனுப்புகிறேன் என்று சுண்டலைக் கையில் கொடுத்து அனுப்பினேன். பூவத்துப் பெண் மட்டும் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கமாலுதீன் தலை மறைந்ததும் அத்தையிடம் பாய்ந்தேன்.

ஏனென்றால் எனக்கு அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். மூன்று வருஷமாக இந்த அம்மாள் வாய் ஓயாமல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம், இது என்ன குடித்தனம்? போய்ச் சேருடி.” நான் கிளம்பினால் போதும் என்று இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி கிடைக்குமா?

“வேணும்னுதானே வச்சீங்க?” என்று கத்தினேன். “மத்ததுக்கெல்லாம் தொட்டும் தொடாம வச்சுட்டு, இதுக்கு மட்டும் அப்பி வச்சிருக்கீங்களே. வேணும்னுதானே?”

அத்தை கையில் பூஜைத் தட்டோடு நின்றார். “ஆமாம். வேணும்னுதான் வச்சேன்” என்றார்.

இல்லை என்பார், நான் இன்னும் நாலு கேட்கலாம் என்று இருந்தேன்.

“அந்தத் தம்பி சொன்னதக் கேட்டேன். இதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு, இது ஓடினாத்தான் கிளாஸுன்னு. கத்திரிக்கோல் ஓடலைன்னா யாருக்கு என்ன? இது ஓடலைன்னா நீ தை மாசம் போயிடுவியே. அதான் நல்லாக் கொழைச்சு, அம்மன வேண்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் அழுத்தி வச்சேன்.” தட்டு சாய்ந்ததில் குங்குமம் தரையில் சிந்தியது. “கெட்டுப் போவும்னு யாருடி கண்டா?”

“போ போன்னு நீங்கதானே தினம் சொன்னீங்க?”

“சொல்லாம? மகன் ஒத்தையில கஞ்சி குடிக்கிறான்னு பெத்தவ சொல்லித்தான் ஆவணும். அதுக்காக, நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கிட்டடி சண்ட போடுவேன்?”

மூன்று வருஷம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறேன். இந்த அம்மாளை எனக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. தட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தர்மலிங்கம் மாமா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். “சௌந்தரி, பிரான்சுலேர்ந்து போன். சீக்கிரம் வாம்மா, காசு ஓடுது.”

ஓடினேன். அத்தை பின்னாலேயே வந்து அவர்கள் வீட்டு வாசற்படியோடு நின்றுகொண்டார். போனில் கடல் இரையும் சத்தம், அதற்கு நடுவில் அவர் குரல்.

“என்ன, மிஷின் ஓடுதா?”

“ஓடலைங்க.”

அவர் சிரித்தது கேட்டது. “நான் அப்பவே சொன்னேன்ல? சரி, தை மாசத்துக்கு டிக்கெட் போட்டுடறேன்.”

“போடாதீங்க. நான் வரலை.”

“ஓடலைன்னா வரேன்னு நீதானே ஒத்துக்கிட்டே?”

“ஒத்துக்கிட்டேன். இப்ப மாத்திச் சொல்றேன். மிஷின் ஓடினாலும் வரல, ஓடலைன்னாலும் வரல. உங்க பென்ஷன் ஆகட்டும், நீங்க வாங்க. அதுவரைக்கும் நான் அத்தையோட இருக்கேன்.”

“அம்மா ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் அத்தை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணெல்லாம் நீர்.

“ஒண்ணும் சொல்லலைங்க. சந்தனந்தான் கொஞ்சம் ஜாஸ்தியா வச்சுட்டாங்க” என்றேன்.

“சந்தனமா? என்ன சந்தனம்? யாருக்கு வச்சாங்க?” என்று அங்கிருந்து அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.