இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

எலியுதேரியோவின் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை வாங்கிக்கொண்ட கருவி, ஒன்றரை என்று காட்டியது. போன முறை நான்கு. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைச் சொல்லும், எப்போதும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டிய எண் அது. இதயத்தின் மேலறை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்க ஆரம்பித்த இந்த ஒரு வருடமாக, இலோய்லோ நகரில் அவருடைய பிழைப்பே அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. குறைந்தால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். கூடினால், போன மாதம் போல மூக்கில் வழியும் ரத்தம் ஒரு மணி நேரமானாலும் நிற்காது. பக்கத்தில் மகள் மரிவிக் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கிறவள் அவள். கீரை ஆகாது என்று யாரோ சொன்னதிலிருந்து வீட்டுக்குள் ஒரு பச்சை இலை நுழைந்ததில்லை.

மருந்தாளுநர் ஜோவெலின் பழைய எண்களை வரிசையாக எழுதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரக் கடைசியில் தன் அம்மாவைப் பார்க்க குய்மராஸ் தீவுக்குப் போகிறவள்; அதே படகில் அவரையும் பார்த்ததுண்டு. படகு நிறுத்தப்பட்ட வாரங்கள் அவளுக்கு மனப்பாடம்.

“ஐயா, புயலடிச்சு படகு ஓடாத வாரமெல்லாம் உங்க எண் ஏறுது. கடல் அமைதியா இருந்தா இறங்குது. தீவுல என்ன சாப்பிடுறீங்க?”

படகு இயந்திரம் பழுதுபார்க்கத்தான் ஞாயிறுதோறும் போவதாக மகளிடம் சொல்லிவைத்திருந்தார். அதையே இங்கும் சொல்லியிருக்கலாம். அதற்குள் காது சிவந்துவிட்டது.

“முருங்கைக்கீரை போட்ட கோழிச்சாறு. மூணு கிண்ணம். அவ ஊத்திக்கிட்டே இருப்பா.”

‘அவ’ யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஜோவெலின் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். உறைய வைக்கும் பொருளை ஈரல் செய்வதை மாத்திரை மட்டுப்படுத்துகிறது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த வேலையை மறுபடி கிளப்பிவிடுகிறது. கீரை ஒன்றும் விஷமில்லை. ஒரு நாள் மூன்று கிண்ணம், மற்ற நாள் பட்டினி என்றால்தான் மாத்திரை திணறிப்போகிறது.

“தினமும் ஒரே அளவா ஒரு கிண்ணம் சாப்பிடுங்க, அதுக்குத் தக்கபடி மாத்திரைய டாக்டர்கிட்ட பேசி மாத்திக்கலாம். இல்ல, அறவே விட்டுடுங்க. ரெண்டுல ஒண்ணு.”

வீடு திரும்பும் ஜீப்னி சிற்றுந்தில் மரிவிக் வெளியே பார்த்தபடி வந்தாள். அவள் அம்மா போய்ச்சேர்ந்து ஐந்து வருடம். எலியுதேரியோ கம்பியைப் பிடித்தபடி, இனி தீவுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். நினைத்ததுமே நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது.

“அவங்க பேரென்னப்பா?”

“சோலாய்.”

“நல்லா சமைப்பாங்களா?”

“உங்கம்மா அளவுக்கு இல்ல.”

மரிவிக் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீடு வந்தும் அவரை இறங்க விடவில்லை. நேராகப் படகுத்துறைக்குப் போகச் சொன்னாள்.

சோலாய் தன் தோட்டத்தில் மாம்பிஞ்சுகளுக்குத் தாள் உறை கட்டிக்கொண்டிருந்தாள். புதன்கிழமையில் அவரைக் கண்டதும் ஏணியிலிருந்து இறங்கி, யார் செத்துப்போனார்கள் என்று கேட்டாள். படகில் கோர்வையாகச் சொல்லிப் பார்த்து வந்ததெல்லாம் குழம்பிப்போக, அவர் ஈரல், வைட்டமின், புயல் என்று எதையெதையோ உளறினார். அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான்.

“தினமும் ஒரு கிண்ணத்துக்காகக் கடல் தாண்டி வருவியா நீ?”

“தினமும் வந்துபோக முடியாது சோலாய். ஒரே வீட்டுல இருந்தாத்தான் ஆகும். அதத்தான் சொல்ல வந்தேன்.”

அவள் கையில் மிஞ்சியிருந்த தாள் உறைகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மகளுக்குத் தெரியுமா என்று மெல்லக் கேட்டாள். அவள்தான் அனுப்பினாள் என்றார். சோலாய் வேலியோரம் கிடந்த தொரட்டியை எடுத்து, முருங்கையின் உயரத்துக் கிளையொன்றை இழுத்து வளைத்தாள். வெள்ளைப் பூக்கள் பொலபொலவென்று இருவர் தலையிலும் கொட்டின. இருவருமே தட்டிவிடவில்லை.