காப்புக் கட்டும் பொழுது

குன்னம் தாண்டி மேட்டில் கரி பஸ் நின்றுவிட்டது. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம், கரி அடுப்பின் புகையில்தான் வண்டி ஓடியது. டிரைவர் ராசாங்கம் இறங்கிப் பின்பக்கம் போனார். அடுப்பைத் திறந்து கம்பியால் கிளறினார். புகை வந்தது. வண்டி கிளம்பவில்லை.

"ஆம்பளைங்க தள்ளுங்க. பொம்பளைங்க எறங்கி நடங்க. புள்ளத்தாச்சி மட்டும் உக்காரட்டும்."

பச்சையம்மாள் இறங்கி மேற்கே பார்த்தாள். வெயில் மஞ்சளாகியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மகள் சிந்தாமணிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெரம்பலூரிலிருந்து அழைத்துவர ஒரு வாரம் முன்பே போயிருக்க வேண்டியவள். சம்பந்தி சுந்தராம்பாள் நாள் பார்த்து நாள் பார்த்து, இன்றைக்குத்தான் நல்ல நாள் என்றுவிட்டாள். இன்றைக்குத்தான் அரியலூரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள்.

பொழுது இறங்குவதற்குள் எல்லையில் வேப்பிலைத் தோரணத்தைக் கட்டி மூடிவிடுவார்கள். அப்போது உள்ளே இருப்பவர்கள் எட்டு நாளைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. வெளியே இருப்பவர்கள் தேர் முடிகிறவரை உள்ளே வரக் கூடாது.

மூன்று வருஷம் அவள் வெளியே இருந்திருக்கிறாள். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு ரங்கூனிலிருந்து நடந்து வந்தவள். அரக்கான் காட்டில் புருஷன் படுத்தார், எழவில்லை. கல்கத்தாவில் சர்க்கார் ஆள் சொந்த ஊர் எது என்று கேட்டு ரயில் டிக்கெட் கொடுத்தார். அப்பா சொல்லிக் கேட்டிருந்த ஒரே ஊர்ப் பெயரைச் சொன்னாள். அரியலூரில் வந்து இறங்கியபோது அப்பாவைத் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அப்படி வந்து சேர்ந்தவை பதினேழு குடும்பங்கள்.

எல்லைக்கல்லுக்கு வெளியே பொட்டலில் கூரை போட்டுக்கொள்ளச் சொன்னவர் நாட்டாண்மை சிங்காரவேலு. பனை ஓலையும் அவர் கொல்லையிலிருந்துதான் வந்தது. ஊர் வேலை கொடுத்தது, கிணற்றில் தண்ணீர் எடுக்க விட்டது, 'ரங்கூன் கொட்டாய்' என்று ஒரு பெயரும் வைத்தது. அதையெல்லாம் பச்சையம்மாள் மறக்கவில்லை. ஆனால் சித்திரையில் தோரணம் கல்லோடு நின்றுவிடும். எட்டு நாள் கூலி இல்லை. அரை வயிறு. அதைவிட, அந்தப் பக்கம் விளக்கு எரிவதை இந்தப் பக்கம் இருந்து பார்ப்பது.

இந்த வருஷம் அவள் நாட்டாண்மையிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

"எங்களையும் உள்ள வச்சுக் கட்டுங்கய்யா."

"உள்ள வந்தா கட்டுப்பாடும் உண்டு. சீமையெல்லாம் சுத்துன காலு, எட்டு நாள் ஒரே எடத்துல நிக்குமா?"

"சுத்துனது போதுங்க."

சிங்காரவேலு மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, பதினேழு வீட்டையும் தாண்டி நிற்கிற இரட்டைப் பனைக்குக் கயிறு போகட்டும் என்றார்.

கேட்டு வாங்கியவள் இன்றைக்கு வெளியே நிற்கிறாள்.

பஸ் உறுமியது. எல்லோரும் ஓடி ஏறினார்கள். வழியூர்களில் ஒவ்வொருவராக இறங்க, கடைசியில் அவர்கள் இருவர்தான் மிச்சம். காப்பு நாளில் பஸ் எல்லைக்கு வெளியே ஆளை இறக்கிவிட்டுப் பெரம்பலூருக்கே திரும்பிவிடும்.

"கட்டியிருந்தா என்னம்மா பண்றது?" என்றாள் சிந்தாமணி.

"பனைமரத்தடியில இருந்துக்க வேண்டியதுதான்."

"எட்டு நாளும்? அங்கயே பெத்துக்கவா?"

"நீ ஆத்துப் படகுல பொறந்தவதானடி."

"அதனால எம்புள்ள ரோட்டுல பொறக்கணுமா?" சிந்தாமணி சிரித்தாள். பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போனால் சம்பந்தி என்ன சொல்வாள் என்று தெரியும். 'ஒங்க ஊரே ஒங்கள உள்ள விடலியா?'

சூரியன் இறங்கியே விட்டது. இரட்டைப் பனைக்குப் பக்கத்தில் ராசாங்கம் பஸ்ஸை நிறுத்தினார். ரோட்டில் கூட்டமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். கொட்டாய்க்காரர்கள், ஊர்க்காரர்கள், மஞ்சள் கயிற்றோடு பூசாரி பஞ்சநாதன், பறையோடு தங்கசாமி. தோரணத்தின் ஒரு முனை பனையில் கட்டியிருந்தது. மறு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு சிங்காரவேலு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, பர்மாவுல பொழுது இம்புட்டு லேட்டாத்தான் சாயுமா?"

"பஸ்ஸு நின்னு போச்சுங்கய்யா."

"நேரம் தப்புது, கட்டுங்கன்னு அப்பவே புடிச்சுச் சொல்றேன்" என்றார் பூசாரி. "வூடு வூடா ஆள் எண்ணிட்டு, ஒண்ணு கொறையுதுன்னு கயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு."

"கொறைஞ்சது ஒண்ணு. வந்தது மூணுல்ல?" சிந்தாமணியின் வயிற்றைப் பார்த்துச் சொன்னார் சிங்காரவேலு. "சீக்கிரம் உள்ள வாங்க. கை மரத்துப் போச்சு."

பச்சையம்மாள் கும்பிட்டாள். காட்டில் யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. நின்றவர்கள் அங்கேயே கிடந்தார்கள். அவளும் நிற்காமல் நடந்தவள்தான். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த புருஷன் வாயில் தண்ணீர் விட்டுவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள்.

அவர்களுக்குப் பின்னால் சிங்காரவேலு மறு முனையை இழுத்துக் கட்டினார். கூட்டம் கோயிலைப் பார்த்துத் திரும்பியது. தங்கசாமி பறையை வேகமாக அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பத்தடி போயிருப்பார், திரும்பிப் பார்த்தார். சிந்தாமணி இடுப்பில் கை கொடுத்து, காலை அகட்டி, ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தாள்.

தங்கசாமி அடியைத் தளர்த்தினார். அவள் கால் ஊன்றும்போது பறையில் ஒரு அடி. அடுத்த கால் ஊன்றும்போது ஒரு அடி. பூசாரியும் நாட்டாண்மையும் அந்த நடைக்கே நடந்தார்கள்.