ஐந்தாம் கிண்ணம்

கீழ்வானம் வெளுத்து, மலைச்சரிவினின்று இறங்கிய பனி தெருவெங்கும் படர்ந்து, குளம்பிக் கிடங்கின் கூரைத் தகரங்களினின்று துளித்துளியாய்ச் சொட்டிக்கொண்டிருந்த வேளையில், சுவைஞர் தம் நெடுமேசையின் முன் வந்து நின்றார். அன்பரே, உலகோர் காப்பி என்று கொண்டாடும் இக்குளம்பி ஒரு செம்பழத்தின் விதை என்பதையும், முகத்தோடு முகம் பொருந்திய இரட்டையராய் அவ்விதைகள் பழத்தினுள் துயில்வதையும், அவை கடல் கடந்து சென்று எத்தனையோ நகரங்களைத் துயிலெழுப்புவதையும் நீர் அறிந்திருப்பீர். அக்கடலைக் காணுமுன் ஒவ்வொரு விளைச்சலும் ஒரு நாவின் இசைவைப் பெறவேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக அந்நா இவருடையது.

ஒரே விளைச்சலை வறுத்துப் பொடித்து, ஐந்து கிண்ணங்களிலிட்டு வெந்நீர் ஊற்றுவது அங்கு வழக்கம். கெட்ட விதை எங்கேனும் ஒளிந்திருப்பின் ஒரு கிண்ணமாவது அதைக் காட்டிக்கொடுக்கும். மேலே மிதக்கும் பொடியேட்டைக் கரண்டியால் விலக்கி, மணம் முகர்ந்து, ஓசையெழ உறிஞ்சி, துப்பிவிடுவார். மனைவி மறைந்ததிலிருந்து மூன்று திங்களாக அவர் நாவில் எச்சுவையும் இல்லை. கண்ணில் நீரும் இல்லை. யாரிடமும் அவர் சொல்லவில்லை. சுவை போனபின் உறிஞ்சும் ஓசை மட்டும் இருமடங்காகியிருந்தது. விதைகளின் நிறத்தைக் கண்ணால் அளந்து, பழகிய கையால் தீர்ப்பெழுதிக் காலம் தள்ளிவந்தார்.

அன்றும் "ஐந்தும் நன்று" என்று எழுதி நிமிர்ந்தபோது, அதை விளைவித்த பெண்மணி வாயிலில் நின்றாள். அவளுடைய ஓராண்டு உழைப்பும் மகளின் படிப்பும் அத்தாளைத்தான் நம்பியிருந்தன.

"உள்ள வாங்கம்மா. உங்க காப்பி எப்படி இருக்கும்னு தெரியும்ல?"

"எங்கங்க ஐயா! பூவோட வாசன தெரியும், பழத்தோட இனிப்பு தெரியும். காப்பியா ஒரு நாளும் குடிச்சதில்ல. எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவோம்."

ஏனென்று அவருக்கே தெரியவில்லை. தூய கரண்டி ஒன்றை எடுத்து நீட்டினார். நான்கு கிண்ணங்கள்வரை அவள் முகம் மலர்ந்துகொண்டே சென்றது. ஐந்தாவதில் சுருங்கியது.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா, இதுல மட்டும் நனைஞ்ச சாக்கு வாசன அடிக்குது."

சற்றுமுன் அதே கிண்ணத்தைத்தான் அவர் உறிஞ்சியிருந்தார். மீண்டும் ஒரு வாய் உறிஞ்சினார். சூடு மட்டும் தெரிந்தது.

அவர் முகத்தைக் கண்டு அவள் அஞ்சினாள். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணுமோ? சரக்கைத் திருப்பிடுவீங்களா?"

எழுதியதை அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கு இருவரும் தப்பியிருப்பர். ஆயின் கப்பலின் புழுக்கத்தில் பூஞ்சை பரவி, அத்தனை மூட்டையும் அவள் பெயரைச் சுமந்துகொண்டே திரும்பிவரும். அவர் அவ்வரியை அடித்தார்.

"சரியா காயாத மூட்டை ஏதோ கலந்திருக்கும்மா. அத மட்டும் பிரிச்சு எடுத்துட்டு மறுபடி கொண்டாங்க. மத்தது நல்ல சரக்கு. ஆனா அப்ப இந்த மேசையில நான் இருக்கமாட்டேன்."

"ஏங்க ஐயா?"

"வீட்டுக்காரி போனதுலேர்ந்து நாக்குல ஒண்ணுமே தெரியல."

"சோறுகூடவா?"

"சோறுந்தான்."

சுவைஞர் அடித்த வரிக்குக் கீழே, "நான்கு நன்று, ஒன்று பூஞ்சை. சுவைத்தவர், விளைவித்தவரே" என்றெழுதி, தம் கரண்டியைக் கழுவித் துடைத்துத் தாளின்மேல் வைத்தார். அவளோ முதற்கிண்ணத்தை இருகையாலும் ஏந்தி, துப்பாமல், கடைசித் துளிவரை பருகினாள்.

"நல்லாத்தான் இருக்குங்க ஐயா."

தம் நாவில் மாண்டுபோன சுவையைப் பிறர் சொல்லக் கேட்டு நம்பும் நாளும் மாந்தர்க்கு வருகிறது. அவர் நம்பினார்.