உருளையை விடாத எலிகள்

“எலி விழுந்துச்சா, விழலையா?”

“விழலை. ஓடவும் இல்லை. உருளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அது சுத்தச் சுத்த இதுவும் கூடவே சுத்துச்சு,” என்றாள் ஆய்வாளர் இட்சியார்.

“கடிகாரம் என்ன சொல்லுது?”

“முன்னூறு விநாடி.”

“அப்ப சாம்பியன்தான்,” என்றபடி பேராசிரியர் எவரிஸ்தோ, டோர்ட்டில்லா என்ற முட்டை அடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

மாட்ரிட்டில் மற்றவர்கள் பூங்காவில் சொந்தச் செலவில் செய்வதை அந்த ஆய்வகம் ஆறு வருடமாக அரசு மானியத்தில் செய்துவந்தது. கஞ்சாவின் உறவுக்கார மூலக்கூறு ஒன்றை மூளைச் செல்களின் ஏற்பிகளில் ஒட்டவைத்தால், கை கால்களைக் கட்டுப்பாடு இழக்கவைக்கும் ஹண்டிங்டன் நோய் அந்தச் செல்களைக் கொல்வது நிற்குமா என்பது கேள்வி. நோய்கண்ட சுண்டெலி, சுழலும் உருளையிலிருந்து சீக்கிரம் விழும். மருந்து வேலை செய்தால் ஓடும். ஓடாமல் தொற்றிக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால், அந்த நொடியே விழுந்ததாகக் கணக்கு. இந்த விதியை எழுதியவர் எவரிஸ்தோதான். தான் எழுதியதைப் படிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

மருந்து கொடுத்த பன்னிரண்டில் ஐந்து இப்படித்தான் தொற்றிக்கொண்டிருந்தன, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த மாமாக்களின் நிம்மதியோடு. விதிப்படி எண்ணினால் மருந்துக்கும், ஒப்பிடுவதற்காக மற்ற எலிகளுக்குக் கொடுத்த உப்புத் தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லை.

“இங்க பாரும்மா, பிடிச்சுக்கிட்டு இருக்குன்னா கையில பலம் இருக்குன்னுதானே அர்த்தம்? அதுவும் முன்னேற்றம்தான்.”

“அப்படிப் பாத்தா, மெட்ரோவுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறவனும் மாரத்தான் ஓடுறான்.”

“உன் தம்பிக்கே இந்த நோய். இது பலிக்கணும்னு உன்னைவிட யாருக்கு ஆசை இருக்கும்?”

அது உண்மை. அதனால்தான் காணொளிகளை அவள் நான்கு தடவை ஓட்டிப் பார்த்திருந்தாள். தம்பி உனாயின் கைக்குக் காப்பிக் கோப்பை இப்போது அடங்குவதில்லை. பார்சலோனாவில் வேறொரு மருந்தின் சோதனையில் இடம் கிடைத்தும், அக்காவின் மருந்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். அங்கே பெயர்ப்பதிவு இன்றோடு முடிகிறது.

“செவிய்யா மாநாட்டுக்கு இன்னிக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பணும். அஞ்சையும் ஓடினதாவே போட்டுடு,” என்றார் எவரிஸ்தோ.

இட்சியார் கைபேசியை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தி, அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

“நம்ம மருந்து வேலை செய்யுது, பார்சலோனா வேண்டாம்னு நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க, எவரிஸ்தோ.”